‘உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே!’ – துணை நடிகை வேலை பற்றி மதுரையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் செல்லூர்க்காரி. பதினெட்டு வருஷமாக சீரியலிலும் சினிமாவிலும் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று வந்துகொண்டிருக்கிறேன். இப்போது கொஞ்ச நாளாக அப்பத்தா. கதாநாயகியாகவும் நடித்ததில்லை, பெரிய வில்லியாகவும் நடித்ததில்லை. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதில் பாதியில் இருக்கும்போது பஸ் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே, எந்தப் படம்?

அநேகமாக படமாக இருக்காது, சீரியலாகத்தான் இருக்கும். அதுவும் பாதிப் பேருக்கு டிவியில் பார்த்ததே ஞாபகம் வராது. “நீங்க வாடிப்பட்டி மதினியோட தங்கச்சிதானே?” என்று ஆரம்பிப்பார்கள். ஒரு அம்மா அப்படியே உட்கார்ந்து, வாடிப்பட்டிக்காரர்கள் தன் மகன் கல்யாணத்துக்கு மொய் செய்யாமல் போன கதை முழுவதையும் என்னிடம் சொல்லித் தீர்த்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரி மாதிரித் தெரிவதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

துணை நடிகை என்றால் கூட்டத்தில் நிற்கிறவங்களா?

இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. கல்யாண சீனிலும் சந்தை சீனிலும் பின்னால் நிற்பவர்களை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். ஏஜென்ட் மூலமாக வருவார்கள், அவர்களுக்குத் தனிச் சங்கம், தனிக் கூலி. பெயரும் வசனமும் உள்ள பாத்திரம் செய்பவர்களை கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்போம். பத்திரிகைத் தமிழில் குணச்சித்திர நடிகை. செய்தித்தாளோ இரண்டு பேரையும் ‘துணை நடிகை’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும். கைதானாலும் துணை நடிகை, தற்கொலை செய்துகொண்டாலும் துணை நடிகை. அந்தத் தலைப்புகளை வருஷக்கணக்காகப் படித்த ஊர் என்பதால், நான் இந்தச் சொல்லைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறும். அதற்காக வேறு சொல் தேடவில்லை. கதைக்குத் துணையாக நிற்கிறோம், அவ்வளவுதான்.

நீங்க எப்படி உள்ளே போனீங்க?

என் அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் கட்டுகிறவர். இந்தக் கால இளவட்டங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருவிழாவுக்கு விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ போடுகிறார்களே, அதுதான். நிரந்தரக் கம்பெனி எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அச்சாரம் கொடுத்து, நோட்டீஸில் போட்டோ போட்டு, நேரே மேடையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு யார் முருகன் என்பதே சில நாள் மேக்கப் போடும்போதுதான் வள்ளிக்குத் தெரியும். அப்புறம் இரண்டு பேரும் தர்க்கத்தில் இறங்கினால் மணிக்கணக்கில் போகும்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் பையன்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பேர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பழகி வந்தவர்கள்தான். சுவாமிகள் எழுதிய பாட்டையும் வசனத்தையும்தான் இன்றைக்கும் இந்த மேடைகளில் பேசுகிறார்கள். தமுக்கம் பக்கம் போகும்போது அவர் சிலை கண்ணில் பட்டால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடும். சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. பங்குனி, சித்திரை வந்தால் அந்தத் தெருவில் நின்றாலே யாருக்கு எத்தனை நாடகம் என்று தெரிந்துவிடும். நான் வளர்ந்தது அந்தத் தெருவைச் சுற்றித்தான்.

ஆனால் என்னை மேடையேற அம்மா விடவில்லை. “கூத்தாடி மகங்கிற பேரு எம்புள்ளைக்கு வேணாம்” என்று கட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஒரு படப்பிடிப்பு. உள்ளூர் முகம் வேண்டும் என்று தேடினார்கள். அம்மாவுக்குத் தெரிந்த மிருதங்கக்காரர் ஒருவர் என்னைக் கூட்டிப் போனார். தண்ணிக்குடத்தோடு நடந்து வந்து, “ஏய், உங்கப்பன் வாரான்” என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சொன்னேன். “ஒன் மோர்” என்றார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்துக் குடத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

படம் வந்தபோது வீதியே திரண்டு போய்ப் பார்த்தோம். என் முகம் வந்தது, வாயும் அசைந்தது, குரல் மட்டும் வேறு யாரோ. ‘வாரான்’ இருந்த இடத்தில் ‘வர்றார்’. அம்மா இருட்டில் என் காதருகே, “உன் தொண்டைய யாரு எடுத்தா?” என்று கேட்டது. அடுத்த படத்திலிருந்து, டப்பிங் நானே பேசுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தேதி கொடுக்கிறேன்.

மதுரைக்காரி என்பது வசதியா, தொல்லையா?

முதலில் வசதி, போகப் போகத் தொல்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் சினிமாவில் எப்படி நின்றார்கள் என்று பாருங்கள். மானாமதுரை காந்திமதி ‘16 வயதினிலே’ (1977) குருவம்மாவாக வந்தபோது அவருக்கு வயது முப்பது சொச்சம்தான். மயிலுக்கு அம்மா. அந்த இடுப்பில் கைவைத்து நிற்கிற நிலையே பாதி வசனத்தைப் பேசிவிடும். விருதுநகர்ப் பக்கத்து எஸ்.என்.லட்சுமி நாடகத்திலிருந்து வந்து, ‘விருமாண்டி’யிலும் (2004) பாட்டியாக நடித்தார். வானொலியில் நாட்டுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் வந்து இறங்கியதும், அந்தப் பேச்சை யாரும் மறக்கவில்லை. நம்ம பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்தில் பாடி ஆடும்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது. ‘பருத்திவீரன்’ (2007) முத்தழகின் அம்மாவாக வந்த சுஜாதா சிவகுமாரைப் பார்த்துவிட்டு, நான் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அந்த முந்தானை இழுப்பைப் பழகினேன். எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

இவர்கள் யாரும் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. ‘வந்துட்டாய்ங்க’, ‘அங்கிட்டு’, ‘என்னத்தச் சொல்ல’ எல்லாம் நாக்கிலேயே இருந்தது. எனக்கும் அதுதான் முதல்.

தொல்லை என்னவென்றால், மதுரை என்றாலே அருவாள் என்று ஒரு முடிவு இருக்கிறது. அருவாள் தூக்குகிற மகன் இருந்தால் அவனுக்கு ஒரு அம்மா வேண்டும். அவள் முதல் பாதியில் சோறு போட வேண்டும், இரண்டாம் பாதியில் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். சினிமாவில் இதுவரை பதினோரு மகன்களைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒரு பேங்க் மேனேஜராகவோ, கணக்கு டீச்சராகவோ யாரும் கூப்பிட்டதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை ஆபீஸ், எத்தனை பள்ளிக்கூடம்! அங்கே வேலை பார்க்கிற பொம்பிளைகளும் இதே தமிழைத்தான் பேசுகிறார்கள்.

மதுரைக் கதை சீரியலை மதுரையிலேயே எடுக்கிறாங்களா?

அநேகமாக இல்லை. கோபுரத்தையும் வைகைப் பாலத்தையும் ஒரு தடவை வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீடு சென்னையில் இருக்கும். பேச்சு மட்டும் மதுரையாக இருந்தால் போதும். ‘எதிர்நீச்சல்’ (2022–2024) மதுரைக் குடும்பத்துக் கதை. அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். அந்த ‘இந்தாம்மா ஏய்’க்குப் பின்னால் இருந்தது சொந்த ஊர்ப் பேச்சுதான். 2023 செப்டம்பர் 8 அன்று அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்றைக்கு எங்கள் செட்டில் டப்பிங் அறைக்குள் போக யாருக்கும் மனசு வரவில்லை.

வசனத்தில் மதுரைக் குடும்பத்துப் பிள்ளை ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் நான் கையைத் தூக்கிவிடுவேன். அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. நல்ல இயக்குநர்கள் உடனே மாற்றிவிடுவார்கள். மற்றவர்கள், “அக்கா, டைம் இல்லக்கா” என்பார்கள்.

சீரியலில் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

கால்ஷீட் ஒன்பதுக்கு ஒன்பது. காலை ஒன்பது மணிக்கு மேக்கப்போடு தயாராக இருக்க வேண்டும், அப்படியென்றால் ஏழரைக்கே வண்டி ஏற வேண்டும். இரவு ஒன்பது என்பது பேச்சுக்கு. வளசரவாக்கம், போரூர் பக்கம் வாடகைக்கு விடும் ஷூட்டிங் வீடுகள் இருக்கின்றன. ஒரே வீட்டில் மாடி பணக்காரக் குடும்பத்துக்கு, கீழ்த்தளம் ஏழைக் குடும்பத்துக்கு, மொட்டைமாடி எல்லாருடைய ரகசியத்துக்கும்.

சீன் பேப்பர் அன்றைக்குக் காலையில்தான் வரும். சில நாள் சீன் நடந்துகொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் வரும். மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் நின்று வரியை வாசிப்பார். அதுதான் ப்ராம்ப்டிங். அவர் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே சுருதியில், “ஐயோ என் குடியைக் கெடுத்துட்டியேடா பாவி” என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே நாம் குடி கெட்டவளாக மாற வேண்டும். சினிமாவிலிருந்து வந்த சிலர் இதில் திணறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கஷ்டமாக இல்லை. எதிராளி என்ன பேசப் போகிறான் என்று தெரியாமல் மேடையேறிய அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்புறம் ரியாக்ஷன். சீன் முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி க்ளோசப் எடுப்பார்கள். “அக்கா, அதிர்ச்சி… சரி, கோவம்… யோசனை… ரைட் லுக்… லெப்ட் லுக்… லைட்டா சிரிங்க… கட்.” எதற்கு அதிர்ச்சி என்று கேட்கக் கூடாது. எடிட்டிங்கில் எங்கே தேவையோ அங்கே வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை சாவு சீனில் நான் கொடுத்த அதிர்ச்சியை, நகை தொலைந்த சீனில் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சேலை என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. என் மகள் மட்டும், “யம்மா, இது செத்த வீட்டு மூஞ்சில்ல?” என்றாள்.

சேலை எங்கள் பொறுப்பு. கதையில் நடக்கும் ஒரே நாள் பத்து எபிசோடுக்கு ஓடும். அதுவரை அதே சேலை, அதே வளையல், அதே பொட்டு. நான் ஒவ்வொரு பைக்குள்ளும் சீன் நம்பர் எழுதிய சீட்டைப் போட்டு வைப்பேன். அதிகம் உழைத்தவை இரண்டு மதுரை சுங்குடிச் சேலைகள். கேமராவுக்கும் சுங்குடிக்கும் ஒத்துப்போகும், பளபளக்காது.

வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. ஒன்பது மணிக்கு மேக்கப் போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு, “இன்னிக்கு உங்க சீன் இல்லக்கா” என்ற நாட்களும் உண்டு. சாப்பாடு கம்பெனி போடும். காத்திருந்த நாளுக்கும் முழுச் சம்பளம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

சீரியலா, சினிமாவா?

பெயருக்கு சினிமா, அரிசிக்கு சீரியல்.

சம்பளம் எவ்வளவு?

எத்தனை சுற்றி வளைத்துக் கேட்டாலும் என் தொகையைச் சொல்ல மாட்டேன். முறையைச் சொல்கிறேன். சீரியலில் நாள் கணக்கு, சினிமாவில் நாள் கணக்கும் உண்டு, மொத்தமாகப் பேசுவதும் உண்டு. பேட்டா, போக்குவரத்து தனி. சீரியலில் மாதத்துக்கு எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பது கதையில் நம் ட்ராக் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. மகளுக்குக் கல்யாணம் நடந்தால் பதினைந்து நாள், மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டால் இரண்டு நாள்.

பணம் கைக்கு வர மாதக்கணக்காகும். ஒரு கம்பெனி கொடுத்த செக் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை வாங்குவதற்குள் அந்த சீரியலே நின்றுவிட்டது.

இன்னொன்று, புதுசாக வருகிறவர்கள் கவனிக்காதது. ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதத்தை வருமான வரிக்குப் பிடித்துக்கொள்ளும். பான் கார்டு கொடுக்காவிட்டால் 20 சதவீதம். நம் மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம். நான் முதல் நாலு வருஷம் இது தெரியாமல் விட்டுவிட்டேன். அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வந்திருக்கும்.

மறு ஒளிபரப்புக்குத் தனியாக ஏதும் வருமா என்று கேட்கிறார்கள். எனக்கு இதுவரை வந்ததில்லை.

நிஜமாவே அழுவீங்களா?

கிளிசரின்தான். ஒப்பாரி மட்டும் நிஜம், அது கிளிசரினில் வராது.

உங்க மகனா வர்றவருக்கு உங்களைவிட வயசு அதிகமாமே?

ஒருவருக்கு நாலு வயசு அதிகம். செட்டில் அவர் என்னை “அம்மா” என்பார், நான் அவரை “சார்” என்பேன்.

திடீர்னு ஒரு கேரக்டர் ஏன் காணாமப் போகுது?

பல காரணம். நடிகை வேறு சீரியலுக்குத் தேதி கொடுத்திருப்பார். கம்பெனி செலவைக் குறைக்கும். வாராவாரம் வருகிற ரேட்டிங்கைப் பார்த்து கதையைத் திருப்புவார்கள். அப்போது முதலில் வெளியூர் போவது அத்தையும் சித்தியும்தான். நான் காசிக்குப் போயிருக்கிறேன், துபாயில் இருக்கும் மகனிடம் போயிருக்கிறேன், ஒரு தடவை மாடியில் துணி காயப்போடப் போனவள் திரும்பி வரவேயில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மேனேஜரிடமிருந்து போன் வராது, அதிலிருந்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரும் ஒரே நாளில் காணாமல் போனோம். அந்த இரண்டு மாதமும் நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றேன். தெருக்காரர்கள், “நடிகை கடை மாவு” என்று கேட்டு வாங்கினார்கள். இன்றைக்கும் வேலையில்லாத வாரங்களில் அரைக்கிறேன்.

வாய்ப்பு வாங்கித் தர்றேன்னு பணம் கேக்குறாங்க, குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நடிக்கிறவருக்கு அவர்கள் காசு கொடுக்க வேண்டும், நாம் கொடுக்கிற தொழில் இல்லை இது. போர்ட்ஃபோலியோ கட்டணம், பதிவுக் கட்டணம், ‘மெம்பர்ஷிப் போட்டுத் தர்றேன்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில்தான். காளவாசல் பக்கம் ஒரு லாட்ஜில் ஆடிஷன் என்று சொல்லி, எனக்குத் தெரிந்த பிள்ளையிடம் சங்கிலியை அடகு வைக்கிற அளவுக்குக் கறந்துவிட்டார்கள். போன் நம்பர் மறுநாளே அணைந்துவிட்டது.

போனிலேயே நல்ல வெளிச்சத்தில் நாலு படம், ஒரு நிமிஷம் பேசிய வீடியோ, ஒப்பனை இல்லாத முகம். இது போதும். படமெடுக்கும் கம்பெனிகள் அறிவிக்கும் ஆடிஷனுக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.

பொம்பளப் பிள்ளைய அனுப்பலாமா? பயமில்லையா?

இந்தக் கேள்வியை மழுப்ப மாட்டேன். தொல்லை இருக்கிறது. முகத்துக்கு நேரே கேட்பவர்களும் உண்டு, ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று நாசூக்காகக் கேட்பவர்களும் உண்டு. நான் ‘இல்லை’ என்று சொல்லி இழந்த வேடங்கள் உண்டு. எதை இழந்தேன் என்று இன்றைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டு வாடகை பாக்கி இருந்தது.

மலையாள சினிமாவில் பெண்கள் படும் தொல்லைகளை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் கேரளத்தில் வெளிவந்தது. அடுத்த மாதமே இங்கே தென்னிந்திய நடிகர் சங்கம், பாலியல் குற்றம் நிரூபணமானால் ஐந்து ஆண்டு வேலை செய்யத் தடை விதிக்கப் பரிந்துரைப்போம் என்று தீர்மானம் போட்டது. வேலையிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் அதற்கு முன்பே, 2013லேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஷூட்டிங் நடக்கும் இடமும் வேலையிடம்தான். குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவுக்குப் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181க்கு அடியுங்கள்.

என் பழக்கத்தையும் சொல்கிறேன். கதை கேட்க லாட்ஜுக்கோ வீட்டுக்கோ போக மாட்டேன், ஆபீஸுக்குப் பகலில் போவேன். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் கம்பெனி வண்டியில் ஏறினால் வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். முதல் இரண்டு வருஷம் அம்மா கூடவே வந்தது. செட்டில் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போடும். இயக்குநர்களே அதனிடம், “ஆத்தா, டேக் ஓகேவா?” என்று கேட்பார்கள். ஒரு தடவைகூட ஓகே என்று சொன்னதில்லை.

சங்கத்தில் சேரணுமா?

ஒன்றிரண்டு வேலை செய்தபிறகு சேருங்கள், சேராமல் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. சினிமாவுக்கு நடிகர் சங்கம், சீரியலுக்குச் சின்னத்திரை நடிகர் சங்கம், குரல் கொடுக்கப் போனால் டப்பிங் யூனியன். சம்பளப் பாக்கி என்றால் தனியாளாகப் போன் அடித்துக்கொண்டிருப்பதைவிடச் சங்கத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது.

சென்னைக்குக் குடிபோகணுமா?

கதாநாயகி ஆக வேண்டுமென்றால் போங்கள். எனக்கு இங்கேதான் வீடு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியலில் எழும்பூர். சாலிகிராமத்தில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்திருக்கிறோம். ஒருத்தி திருச்சி, ஒருத்தி கும்பகோணம், ஒருத்தி நெல்லை. டிவியில் நாலு பேரும் ஒருத்திக்கொருத்தி சம்பந்தி, நாத்தனார், எதிரி. அறையில் ஒரே ரசம்தான்.

சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் இங்கேயே நடியுங்கள். மதுரை நாடகத்துக்குப் பஞ்சமான ஊர் இல்லை. நாடகக்காரர் மு. ராமசாமி 1978ல் நிஜ நாடக இயக்கம் என்ற குழுவை இங்கேதான் தொடங்கினார். பிறகு ‘ஜோக்கர்’, ‘கேடி’ படங்களில் பார்த்திருப்பீர்கள். மேடையில் நின்றவர்களுக்குக் கைகளை என்ன செய்வது என்ற குழப்பம் இருக்காது. கேமரா முன்னால் புதுசாக நிற்கிறவர்களுக்கு முதல் பிரச்சினையே கைதான்.

விருதெல்லாம் கிடைக்குமா?

துணை நடிகைக்கு தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தருகிறார்கள். பள்ளத்தூரில் வளர்ந்து நாடகத்திலிருந்து வந்த மனோரமா ஆச்சிக்கு ‘புதிய பாதை’ (1989) படத்துக்குக் கிடைத்தது. எனக்கு செல்லூர் பிள்ளையார் கோயில் கமிட்டி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை என் வீட்டுக்காரர் வண்டி துடைக்க எடுத்துவிட்டார்.

இப்போ எந்த சீரியலில் வர்றீங்க?

ராத்திரி எட்டரை மணிக்கு வருகிற ஒன்றில் இருக்கிறேன், ஆனால் சுவரில். போன தை மாதம் என்னை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கொன்றுவிட்டார்கள். ஹாலில் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரிகிறது. மருமகள் தினமும் வந்து என் முன்னால் நின்று, “அத்தை, நீங்கதான் துணையா இருக்கணும்” என்று அழுகிறாள். போட்டோவுக்கு நாள் கணக்கு உண்டா என்று மேனேஜரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆனால் ஃப்ளாஷ்பேக் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு. அந்தச் சுங்குடிச் சேலையைத் துவைத்து, சீன் நம்பர் சீட்டோடு தனிப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.